பிரெடெரிக் ஸ்டான்லி கிப்பிங்

பிரெடெரிக் ஸ்டான்லி கிப்பிங் (ஆகஸ்ட் 16, 1863 - மே 1, 1949) இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். சிலிக்கான் அணுவுடன் கரிமத் தொகுதிகள் இணைந்த சேர்மங்களைப் பற்றி இவர் ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஆய்வு செய்தார். சிலிக்கோன் என்னும் பெயரை இவ்வகைச் சேர்மங்களுக்கு வழங்கியவரும் இவரே. சிலிக்கோன் பல்லுறுப்பிகளுக்கான வேதியியல் அடிப்படை இவருடைய ஆய்வகத்திலேயே உருவானது. ஆயினும் இவர் தேடிச் சென்றது பல்லுறுப்பிகளை அன்று. தம் குடுவைகளில் தங்கிய பிசுபிசுப்பான பொருட்களை இவர் ஆய்வுக்கு இடையூறாகவே கருதினார். பிற்காலத்தில் பெருந்தொழிலாக வளர்ந்தவை அப்பொருட்களே.

சிலிக்கான், சிலிக்கோன் ஆகிய இரு சொற்களும் அடிக்கடி ஒன்றுக்கொன்று மாற்றாகத் தவறாக ஆளப்படுகின்றன. சிலிக்கான் ஒரு தனிமம். மணலிலும் பாறைகளிலும் ஆக்சிஜனுடன் சேர்ந்து காணப்படுவதும், கணினிச் சில்லுகள் செய்யப் பயன்படுவதும் இதுவே. சிலிக்கோன் என்பது சிலிக்கான், ஆக்சிஜன், கரிமத் தொகுதிகள் ஆகியவற்றைக் கொண்டு செயற்கையாக உருவாக்கப்படும் பல்லுறுப்பி ஆகும். சன்னல் கண்ணாடியின் விளிம்பை அடைக்கும் பசை, கைபேசி உறை, மருத்துவக் குழாய் ஆகியவற்றில் இது பயன்படுகிறது.

இளமையும் கல்வியும்

கிப்பிங் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் உள்ள ஹையர் பிராட்டன் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் கிப்பிங், இங்கிலாந்து வங்கியில் அலுவலராகப் பணியாற்றினார். தாய் ஜூலியா, ஓவியர் சார்லஸ் ஆலன் டூவாலின் மகள் ஆவார். மான்செஸ்டர் இலக்கணப் பள்ளியில் பயின்ற கிப்பிங், 1879ஆம் ஆண்டு மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் சேர்ந்து இலண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்காகப் படித்தார். பின்னர் மான்செஸ்டர் நகர எரிவளித் துறையில் வேதியியலாளராகச் சிறிது காலம் பணியாற்றினார்.

அக்காலத்தில் கரிம வேதியியலில் உயராய்வு செய்ய விரும்பியோர் ஜெர்மனிக்குச் செல்வது வழக்கமாக இருந்தது. கிப்பிங்கும் 1886ஆம் ஆண்டு மியூனிக் சென்றார். அங்கு அடால்ஃப் ஃபான் பேயரின் ஆய்வகத்தில் இளைய வில்லியம் ஹென்றி பெர்க்கினின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். முதன்முதலில் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த மூத்த பெர்க்கினின் மகனே இவர். இருவருக்கும் இடையே அமைந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நீடித்தது.

பெர்க்கின் எடின்பரோவில் உள்ள ஹெரியட்-வாட் கல்லூரியில் பேராசிரியராகப் பொறுப்பேற்றபோது, கிப்பிங் அவருக்குச் செய்முறை விளக்குநராக அங்கு சென்றார். 1888இல் லில்லி ஹாலந்து என்பவரை மணந்தார். லில்லியின் சகோதரிகளில் ஒருவரைப் பெர்க்கினும் மற்றொருவரை வேதியியலாளர் ஆர்தர் லாப்வொர்த்தும் மணந்தனர். இதனால் அக்காலப் பிரித்தானியக் கரிம வேதியியலின் முன்னணியாளர் மூவரும் சகலர்கள் ஆயினர்.

பாடநூலும் கற்பூர ஆய்வுகளும்

1890ஆம் ஆண்டு கிப்பிங் இலண்டனில் நகரத் தொழிற்சங்கங்களின் கல்வி நிறுவனத்தில் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கின் கீழ்த் தலைமைச் செய்முறை விளக்குநராகச் சேர்ந்தார். பெர்க்கினுடன் இணைந்து இவர் எழுதிய கரிம வேதியியல் பாடநூல் 1894இல் வெளிவந்தது. ஆங்கில வழியில் வேதியியல் பயின்ற பல தலைமுறை மாணவர்கள் இந்நூலைப் பயன்படுத்தினர். பிற்காலப் பதிப்புகளைத் திருத்தும் பணியில் கிப்பிங்கின் மகனும் வேதியியலாளருமான பிரெடெரிக் பாரி கிப்பிங் பங்கேற்றார்.

இலண்டனில் வில்லியம் ஜாக்சன் போப்புடன் சேர்ந்து கற்பூரத்திலிருந்து பெறப்படும் சல்போனிக் அமிலங்களைக் கிப்பிங் ஆராய்ந்தார். சில மூலக்கூறுகள், நமது இடக்கையும் வலக்கையும் போல, ஒன்றன் கண்ணாடிப் பிம்பமாக மற்றொன்று அமையும் இரு வடிவங்களில் காணப்படும். இவ்விரு வடிவங்களும் முனைவுற்ற ஒளியின் தளத்தை எதிரெதிர்த் திசைகளில் சுழற்றும். மற்றப் பண்புகளில் இவை ஒத்திருப்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பது கடினம். கற்பூரத்திலிருந்து பெறப்பட்ட இவ்வமிலங்கள் தாமே ஒளியைச் சுழற்றும் தன்மை உடையவை. எனவே இவற்றைக் கொண்டு உப்புகளை உருவாக்கிப் படிகமாக்கினால் இடவடிவத்தையும் வலவடிவத்தையும் பிரிக்க முடியும். இந்தத் திறமையே கிப்பிங்கைச் சிலிக்கானிடம் அழைத்துச் சென்றது.

நாட்டிங்காம்

1897ஆம் ஆண்டு கிப்பிங் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு நாட்டிங்காம் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1936இல் ஓய்வு பெறும் வரை சுமார் 39 ஆண்டுகள் இங்கேயே பணியாற்றினார். கல்லூரி அப்போது நகரின் நடுவே ஷேக்ஸ்பியர் தெருவில் இருந்தது. மருந்து வணிகர் ஜெஸ்ஸி பூட் வழங்கிய பெருங்கொடையால் 1928இல் கல்லூரி நகருக்கு வெளியே புதிய வளாகத்துக்கு மாறியது. அவர் பெயரில் அமைந்த வேதியியல் பேராசிரியர் பதவியை முதன்முதலில் வகித்தவர் கிப்பிங் ஆவார்.

சிலிக்கானைத் தேர்ந்தெடுத்த காரணம்

தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே சிலிக்கான் அமைந்துள்ளது. இரண்டும் நான்கு இணைதிறன் கொண்டவை. எனவே கார்பனைப் போலவே சிலிக்கானும் எண்ணற்ற சேர்மங்களை உருவாக்குமா என்னும் வினா 19ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்களைக் கவர்ந்தது. 1824இல் ஸ்வீடன் நாட்டவரான பெர்சீலியசு சிலிக்கானைத் தனிமமாகப் பிரித்தெடுத்தார். கிப்பிங் பிறந்த 1863ஆம் ஆண்டிலேயே ஃபிரீடல், கிராஃப்ட்ஸ் ஆகிய இருவரும் கார்பன்-சிலிக்கான் பிணைப்புக் கொண்ட முதல் சேர்மத்தைத் தயாரித்தனர். சிலிக்கான் டெட்ராகுளோரைடையும் துத்தநாகத்தின் எத்தில் சேர்மத்தையும் வினைபுரியச் செய்து அவர்கள் இதனைப் பெற்றனர். துத்தநாகச் சேர்மம் காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் இயல்புடையது. ஆதலால் இம்முறை எளிதில் பரவவில்லை.

ஒரு கார்பன் அணுவுடன் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால் அம்மூலக்கூறு ஒளியைச் சுழற்றும். சிலிக்கானுடன் நான்கு வெவ்வேறு தொகுதிகளை இணைத்தாலும் அவ்வாறே நிகழுமா என அறிவதே கிப்பிங்கின் முதல் நோக்கம். அவருடைய சிலிக்கான் ஆய்வுக் கட்டுரைகள் 1899இல் தொடங்கி 1944 வரை வெளிவந்தன. அவற்றின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டும்.

கிரிக்னார்டு முறையின் பயன்பாடு

1900ஆம் ஆண்டு பிரான்சைச் சேர்ந்த விக்டர் கிரிக்னார்டு, ஈதரில் மக்னீசியத்தைக் கொண்டு தயாரிக்கப்படும் புதிய வினைபொருட்களை அறிவித்தார். கிப்பிங் இவற்றைச் சிலிக்கான் டெட்ராகுளோரைடுடன் பயன்படுத்தி 1904இல் முடிவுகளை வெளியிட்டார். ஜெர்மனியில் டில்தேயும் அதே ஆண்டு தனியாக இம்முறையைக் கண்டறிந்தார். இதனால் சிலிக்கானுடன் இணைந்துள்ள நான்கு குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி, அவ்விடங்களில் எத்தில், புரோப்பைல், பீனைல் போன்ற தொகுதிகளை அமர்த்த வழி பிறந்தது. ஆனால் வினையின் முடிவில் ஒரே பொருள் கிடைப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று தொகுதிகள் ஏறிய பொருட்கள் கலந்தே கிடைக்கும். அவற்றைக் காய்ச்சி வடித்துப் பிரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலையாகும்.

சில ஆண்டுகளில் கிப்பிங் தம் முதல் நோக்கத்தை எட்டினார். சமச்சீரற்ற சிலிக்கான் அணுவைக் கொண்டு ஒளியைச் சுழற்றும் சேர்மங்களை இவர் பெற்றார். சுழற்சியின் அளவு மிகச் சிறியதாக இருந்தபோதிலும், சிலிக்கானின் நான்கு பிணைப்புகளும் கார்பனைப் போலவே நான்முகி வடிவில் அமைகின்றன என்பதற்கு இது சான்றாயிற்று.

பெயரில் நேர்ந்த பிழை

கரிம வேதியியலில் கீட்டோன் எனப்படும் சேர்மங்களில் ஒரு கார்பன் அணு, ஆக்சிஜனுடன் இரட்டைப் பிணைப்பாலும் இரு கரிமத் தொகுதிகளுடன் ஒற்றைப் பிணைப்பாலும் இணைந்திருக்கும். அந்தக் கார்பனுக்குப் பதிலாகச் சிலிக்கானைக் கொண்ட சேர்மத்தைக் கிப்பிங் பெற முயன்றார். இரண்டு பீனைல் தொகுதிகளும் இரண்டு குளோரின் அணுக்களும் கொண்ட சிலிக்கான் சேர்மத்தை நீருடன் வினைபுரியச் செய்தார். கிடைத்த பொருளின் தனிம விகிதம் எதிர்பார்த்த சேர்மத்துக்குச் சரியாகப் பொருந்தியது. கீட்டோனை ஒத்தது என்னும் பொருளில் 1901இல் இவர் அதற்குச் சிலிக்கோன் எனப் பெயரிட்டார்.

ஆனால் அதன் பண்புகள் கீட்டோனை ஒத்திருக்கவில்லை. இதற்கு இணையான கார்பன் சேர்மமான பென்சோபீனோன் குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் அழகிய படிகமாகும். கிப்பிங்கின் குடுவையிலோ எளிதில் படிகமாகாத கோந்து போன்ற பொருள் தங்கியது. மூலக்கூறு எடையை அளந்தபோது அது எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு மிகுதியாக இருந்தது. தொடர்ந்து ஆய்வு செய்த கிப்பிங், நீர் மூலக்கூறுகள் வெளியேறுவதால் சிலிக்கான் சேர்மங்கள் ஒன்றோடொன்று இணைந்து சங்கிலிகளாகவும் வளையங்களாகவும் மாறுகின்றன என்பதை விளக்கினார். அவர் எதிர்பார்த்த இரட்டைப் பிணைப்பு அங்கு இல்லை என்பது தெளிவாயிற்று. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. சிலிக்கான்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக் கொண்ட உண்மையான சேர்மங்களைச் சாதாரண வெப்பநிலையில் நிலைத்திருக்கும்படி தனித்துப் பெறுவது 21ஆம் நூற்றாண்டில்தான் இயன்றது.

1920களில் கிப்பிங் பீனைல் சிலிக்கான் குளோரைடுகளைச் சோடியத்துடன் வினைபுரியச் செய்து, சிலிக்கான் அணுக்கள் நேரடியாக ஒன்றோடொன்று பிணைந்த சேர்மங்களையும் தயாரித்தார். பாலிசிலேன்கள் எனப்படும் பல்லுறுப்பிகளின் தொடக்கமாக இவை கருதப்படுகின்றன.

சிலிக்கோன்களின் கட்டமைப்பும் பண்புகளும்

கிப்பிங்கின் குடுவையில் நிகழ்ந்ததை இன்றைய அறிவைக் கொண்டு எளிதில் விளக்கலாம். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பை எளிதில் உருவாக்குகின்றன. சிலிக்கான் அணு பெரியது. ஆக்சிஜனுடன் அது அமைக்கும் இரட்டைப் பிணைப்பைவிட இரண்டு ஒற்றைப் பிணைப்புகள் கூடுதல் நிலைத்தன்மை உடையவை. ஆதலால் ஒவ்வொரு சிலிக்கானும் இருபுறமும் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ள, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான் என மாறிமாறி அமையும் நீண்ட முதுகெலும்பு உருவாகிறது. கரிமத் தொகுதிகள் இருபுறமும் கிளைகளாக நிற்கின்றன. முதுகெலும்பு மணலையும் கண்ணாடியையும் ஒத்தது. கிளைகள் எண்ணெயையும் மெழுகையும் ஒத்தவை.

பொதுவாகக் காணப்படும் சிலிக்கோன் பாலிடைமெத்தில்சிலாக்சேன் ஆகும். இதில் ஒவ்வொரு சிலிக்கானிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் உள்ளன. இதன் முக்கியப் பண்புகளும் அவற்றின் காரணங்களும் பின்வருமாறு:

* வெப்பம் தாங்கும் தன்மை: சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பின் ஆற்றல் மோலுக்குச் சுமார் 450 கிலோஜூல் ஆகும். கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் சுமார் 350 கிலோஜூல் மட்டுமே. எனவே சிலிக்கோன் இரப்பர் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வரை நீண்ட காலம் பயன்படக்கூடியது.
* குளிரிலும் இறுகாமை: முதுகெலும்பின் பிணைப்புகள் நீளமானவை, ஆக்சிஜனில் அமையும் கோணம் அகலமானது. இதனால் சங்கிலி தடையின்றிச் சுழன்று வளைகிறது. இதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை சுமார் -125 டிகிரி செல்சியஸ் ஆகும்.
* நீர் ஒட்டாமை: மெத்தில் தொகுதிகள் வெளிப்புறமாகத் திரும்பி நிற்பதால் மேற்பரப்பில் நீர் பரவாமல் துளியாக உருள்கிறது.
* பாகுநிலை மாறாமை: சங்கிலிகளுக்கு இடையேயான கவர்ச்சி குறைவு. எனவே சிலிக்கோன் எண்ணெயின் பாகுநிலை, கனிம எண்ணெயைவிட வெப்பநிலையால் குறைவாகவே மாறுகிறது.
* மின்காப்பு: சிலிக்கோன் எரிந்தாலும் எஞ்சுவது மின்கடத்தாத சிலிக்கா. கரிமப் பல்லுறுப்பிகளைப் போல மின்சாரம் கடத்தும் கரியை இது மிகுதியாக விடுவதில்லை.

குறைகளும் உண்டு. வலிமையான அமிலங்களும் காரங்களும் சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பை முறிக்கின்றன. பெட்ரோல் போன்ற கரைப்பான்களில் சிலிக்கோன் இரப்பர் ஊறிப் பருக்கிறது. சங்கிலிகளுக்கு இடையேயான கவர்ச்சி குறைவாதலால் தூய சிலிக்கோன் இரப்பர் எளிதில் கிழியும். வலுவூட்ட நுண்ணிய சிலிக்காத் தூளைச் சேர்க்கின்றனர்.

தொடக்கப் பொருளில் உள்ள குளோரின் அணுக்களின் எண்ணிக்கையே இறுதிப் பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டு குளோரின் இருந்தால் சங்கிலி நீளும். மூன்று இருந்தால் கிளைத்து வலைப்பின்னலாகிக் கடினமான பிசினாகும். ஒன்று மட்டும் இருந்தால் சங்கிலி அத்துடன் முடிவடையும். இம்மூன்றையும் தக்க விகிதத்தில் கலந்து எண்ணெய், இரப்பர், பிசின் ஆகியவற்றைத் தயாரிக்கலாம். இம்மூவகைக் குளோரைடுகளையும் தயாரித்துப் பிரிக்கும் முறைகளைக் கிப்பிங்கின் கட்டுரைகள் முன்னரே விரிவாகப் பதிவு செய்திருந்தன.

பேக்கரியன் சொற்பொழிவு

1936ஆம் ஆண்டு கிப்பிங் அரச கழகத்தின் பேக்கரியன் சொற்பொழிவை ஆற்றினார். சிலிக்கானின் கரிமச் சேர்மங்களே அதன் பொருள். தம் நீண்ட கால ஆய்வைத் தொகுத்துரைத்த அவர், இச்சேர்மங்கள் வகையிலும் வினைபுரியும் திறனிலும் கார்பன் சேர்மங்களைவிட மிகக் குறுகியவை எனக் கணித்தார். இத்துறையில் விரைவில் பெரிய முன்னேற்றம் ஏற்படும் என்னும் நம்பிக்கை தமக்கு இல்லை என்பதையும் தெரிவித்தார்.

இக்கணிப்பு பின்னாளில் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. எனினும் அவர் எழுப்பிய வினாவைக் கருத்தில் கொண்டால் அதில் நியாயம் இருந்தது. கார்பனைப் போலச் சிலிக்கான் பல்வகைச் சேர்மங்களின் உலகத்தை உருவாக்குமா என்பதே அவ்வினா. உருவாக்காது என்பதே அவர் கண்ட விடை. அது பெரும்பாலும் சரியானதே. பல்லுறுப்பிகளைப் பயனுள்ள பொருட்களாக நோக்கும் பார்வை அவர் பயின்ற காலத்து வேதியியலில் இல்லை. தூய படிகமும் திட்டவட்டமான உருகுநிலையுமே அன்றைய வேதியியலாளரின் அளவுகோல்கள். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் உண்மையில் உள்ளன என்பதையே ஹெர்மன் ஸ்டாடிஞ்சர் 1920களில் வாதிட்டு நிறுவ வேண்டியிருந்தது.

தொழிலாக வளர்ந்த வரலாறு

அச்சொற்பொழிவு நிகழ்ந்த காலத்திலேயே அமெரிக்காவில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் பணியாற்றிய பிராங்கிளின் ஹைடு, கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடைப்பட்ட பண்புகள் கொண்ட பொருளைத் தேடினார். மின்பொறிகளில் கண்ணாடி இழையைப் பிணைத்து, வெப்பம் தாங்கும் மின்காப்புப் பொருளாகப் பயன்படுத்துவது நோக்கம். இதற்குக் கிப்பிங்கின் முறைகள் கைகொடுத்தன. படிகமாகாமை அவருக்கு இடையூறாக இருந்தது. ஹைடுக்கோ அதுவே தேவைப்பட்ட பண்பாயிற்று.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் யூஜின் ரோச்சோ, கார்பன்-கார்பன் பிணைப்பே இல்லாத மெத்தில் தொகுதியைத் தேர்ந்தெடுத்தார். கிரிக்னார்டு முறைக்கு மக்னீசியமும் எளிதில் தீப்பற்றும் ஈதரும் தேவைப்பட்டன. 1940 மே மாதம் ரோச்சோ, செம்பு வினையூக்கியுடன் கலந்த சிலிக்கானைச் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அதன்மீது மெத்தில் குளோரைடு வளியைச் செலுத்தி, தேவையான குளோரைடுகளை நேரடியாகப் பெற்றார். ஜெர்மனியில் ரிச்சர்டு முல்லரும் தனியாக இம்முறையைக் கண்டறிந்தார். சிலிக்கோன் தொழில் இன்றும் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.

1943இல் டவ் வேதி நிறுவனமும் கார்னிங் நிறுவனமும் இணைந்து டவ் கார்னிங் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. இரண்டாம் உலகப்போரில் விமான எஞ்சின்களின் தீப்பொறி அமைப்பில் ஈரம் புகாமல் அடைக்கும் களிம்பு அதன் முதல் பொருட்களுள் ஒன்று. போருக்குப் பின் பயன்பாடுகள் பெருகின. 1956இல் மூளையில் தேங்கும் நீரை வடிப்பதற்காக ஜான் ஹோல்ட்டர் வடிவமைத்த அடைப்பிதழ், சிலிக்கோன் இரப்பரால் செய்யப்பட்டது. 1969இல் நிலவில் நடந்த விண்வெளி வீரர்களின் காலணி அடிப்பகுதியும் அப்பொருளால் ஆனதே.

இறுதிக்காலமும் நினைவும்

கிப்பிங் 1909இல் வேதியியல் சங்கத்தின் லாங்ஸ்டாஃப் பதக்கத்தையும், 1918இல் அரச கழகத்தின் டேவி பதக்கத்தையும் பெற்றார். ஓய்வுக்குப் பின் வடக்கு வேல்சில் உள்ள கிரிக்கியெத் என்னும் கடற்கரை ஊரில் 1949 மே 1 அன்று, தமது 85ஆம் வயதில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் நாட்டிங்காம் கல்லூரி முழுமையான பல்கலைக்கழகமாகத் தரம் உயர்ந்தது. சிலிக்கோன்கள் தொழிற்சாலைகளில் உற்பத்தியாகத் தொடங்கிச் சில ஆண்டுகள் கடந்திருந்தன. தம் கணிப்பு பொய்த்ததைக் காணும் வரை அவர் வாழ்ந்தார்.

அமெரிக்க வேதியியல் சங்கம் சிலிக்கான் வேதியியலுக்கெனக் கிப்பிங் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. டவ் கார்னிங் நிறுவனத்தின் ஆதரவுடன் அமைந்த இவ்விருதை 1962இல் முதலாவதாகப் பெற்றவர் ஹென்றி கில்மன் ஆவார். கிப்பிங் சிலிக்கோன்களில் எவ்வகைப் பயனையும் தேடவில்லை. எனினும் படிகமாகாத பொருட்களையும் ஒதுக்கிவிடாமல், அவை தோன்றும் முறையையும் அவற்றின் அமைப்பையும் அவர் கட்டுரைகளில் பதிந்து வைத்தார். பயன் நோக்கி வந்த அடுத்த தலைமுறையினர் தங்கள் பணியைத் தொடங்க அப்பதிவுகளே உதவின.